மிரர் லென்ஸில் நிலா

வானத்தில் நிலவின் அகலம் ஏறத்தாழ அரை டிகிரி. கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் நுனிக்குள் முழு நிலவும் மறைந்துவிடும். கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றும் பௌர்ணமி நிலா, செல்பேசிப் படத்தில் வெள்ளைப் பொட்டாக நிற்பது இதனால்தான். கேமராவின் சென்சாரில் நிலவு எவ்வளவு பெரிதாக விழும் என்பதை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு: லென்ஸின் குவியத் தொலைவை 110-ஆல் வகுக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸில் நிலவின் விட்டம் அரை மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. 200 மி.மீ. லென்ஸில் 1.8 மி.மீ., 500-இல் 4.5 மி.மீ., 1000-இல் 9 மி.மீ. முழு அளவுச் சென்சாரின் உயரம் 24 மி.மீ. நிலவின் பள்ளங்களும் மலைத்தொடர்களும் தனித்தனியாகப் பிரிந்து தெரிய 500 மி.மீ.யாவது வேண்டும்.

அந்த அளவில், வில்லைகளால் மட்டுமே ஆன எஃப்/4 லென்ஸ் 3 கிலோவுக்கு மேல் கனக்கும். விலையும் பல லட்சம். அதே குவியத் தொலைவை உள்ளங்கையில் ஏந்தும் அளவுக்குச் சுருக்கித் தருவது மிரர் லென்ஸ். நிக்கானின் 500 மி.மீ. எஃப்/8 ரிஃப்ளெக்ஸ்-நிக்கார் லென்ஸின் எடை சுமார் 840 கிராம்தான்.

மடித்து அனுப்பப்படும் ஒளி

மிரர் லென்ஸின் முன்பக்கக் கண்ணாடி வழியாக நுழையும் ஒளி, குழலின் அடியில் இருக்கும் குழியாடியில் பட்டுத் திரும்புகிறது. முன்பக்கக் கண்ணாடியின் நடுவில் பொருத்தப்பட்ட சிறிய ஆடி அதை மீண்டும் பின்னோக்கி அனுப்ப, குழியாடியின் நடுத்துளை வழியே அது சென்சாரை அடைகிறது. ஒளி குழலுக்குள்ளேயே போய்த் திரும்புவதால் குழலின் நீளம் குறைகிறது. சிறிய ஆடி ஒளிக்கற்றையின் குவிதலைத் தளர்த்திக் குவியத் தொலைவையும் நீட்டுகிறது.

இரண்டு ஆடிகளைக் கொண்ட இந்த ஏற்பாடு 1672-லேயே காசெக்ரேன் என்பவர் பெயரில் வெளிவந்தது. ஆனால் எளிதில் தேய்த்துச் செய்யக்கூடிய கோளவடிவ ஆடிகள் மங்கிய பிம்பத்தையே தந்தன. ரஷ்ய ஒளியியலாளர் திமித்ரி மக்சூதொவ் 1941-இல் இதற்கு ஒரு வழி கண்டார்: வளைந்த தடித்த கண்ணாடி ஒன்றை முன்னால் வைத்து அந்தப் பிழையைச் சரிசெய்தார். அவர் வழியில் பிறந்த சோவியத் எம்டிஓ-500, எம்டிஓ-1000 லென்ஸ்கள் உலகெங்கும் பரவின. எம்டிஓ-500 லென்ஸ் 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் உயரிய பரிசு பெற்றது. அந்தக் கால லென்ஸ்கள் இன்றும் பழைய பொருள் சந்தையில் கைமாறுகின்றன. தகுந்த அடாப்டர் வளையம் இருந்தால் இன்றைய மிரர்லெஸ் கேமராவிலும் அவை பொருந்தும். கேமரா மெனுவில், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் தேர்வைப் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் பொத்தானை அழுத்தினாலும் படம் விழாது.

குறைகளும் நிலவும்

மிரர் லென்ஸுக்கு நல்ல பெயர் கிடையாது. அதில் அபெர்ச்சர் இதழ்கள் இல்லை. எஃப்/8 என்றால் எப்போதும் எஃப்/8. நடுவில் இருக்கும் சிறிய ஆடி ஒளியை மறைக்கிறது: விட்டத்தில் 40 சதவீதம் மறைந்தால் பரப்பில் 16 சதவீத ஒளி போகும். அதே மறைப்பு படத்தின் கான்ட்ராஸ்டையும் குறைக்கிறது. ஃபோகஸுக்கு வெளியே உள்ள விளக்குகள் வளையங்களாக விழுகின்றன. மினோல்டா வெளியிட்டுப் பின்னர் சோனி பெயரில் வந்த 500 மி.மீ. லென்ஸ் போன்ற விதிவிலக்குகளைத் தவிர, ஆட்டோஃபோகஸும் இல்லை.

பறவையையோ விளையாட்டையோ படமெடுப்பவருக்கு இவை பெரிய தடைகள். நிலவுக்கு இவற்றில் பலவும் பொருட்டில்லை. நிலவின் எல்லாப் பகுதியும் ஒரே ஃபோகஸில் இருப்பதால் வளையங்களுக்கு இடமில்லை. அது பறந்து போவதில்லை. கையால் நிதானமாக ஃபோகஸ் செய்யலாம். ஒளிக்கும் குறைவில்லை: நிலவுத் தரை சராசரியாகச் சூரிய ஒளியில் 12 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது, பழைய தார்ச்சாலை அளவுக்குத்தான், ஆனாலும் அது நேர் வெயிலில் கிடக்கும் தரை. குறைந்த கான்ட்ராஸ்டைக் கணினியில் மீட்டுவிடலாம். இன்னொரு ஆதாயமும் உண்டு. ஆடி எல்லா நிறத்தையும் ஒரே கோணத்தில் திருப்புவதால், மலிவான டெலி லென்ஸ்களில் நிலவின் விளிம்பில் படியும் ஊதா, பச்சைக் கோடுகள் இதில் அநேகமாக இருப்பதில்லை.

எவ்வளவு நேரம் ஒளி விடுவது?

கேமராவைத் தானியங்கியில் விட்டால் அது சுற்றியுள்ள கருப்பு வானத்தைக் கணக்கில் எடுத்து நிலவை வெளுக்கடித்துவிடும். மேனுவல் முறையே சரி. பௌர்ணமி நிலவுக்கு எஃப்/11 அளவில், ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ் மதிப்பே ஷட்டர் நேரம் என்பது பழைய விதி: ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி. எஃப்/8 லென்ஸுக்கு இது 1/200 நொடியாகும். நடுவில் மறையும் ஒளியைச் சேர்த்துப் பார்த்தால் 1/125-இலிருந்து தொடங்குவது நல்லது.

அரை நிலவுக்கு இந்தக் கணக்கு போதாது. பாதி நிலவு பௌர்ணமியின் பாதி ஒளியைத் தருவதில்லை. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தருகிறது. பக்கவாட்டு வெயிலில் மேடுபள்ளங்களின் நிழல் தரையை மூடுவதும், வெயில் நேராகப் படும்போது நிலவுத் தூசி ஒளியை வந்த திசையிலேயே அதிகம் திருப்புவதும் இதற்குக் காரணம். ஆகவே அஷ்டமி நிலவுக்கு ஒளியை நான்கு மடங்காகவாவது கூட்ட வேண்டும்: ஐஎஸ்ஓவை 400-க்கு ஏற்றி 1/125 நொடி வைக்கலாம்.

ஷட்டர் நேரத்தை இஷ்டத்துக்கு நீட்டவும் முடியாது. பூமி சுழல்வதால் நிலவு தன் அகலம் அளவுக்கு வானில் நகர இரண்டே நிமிடம் போதும். 1000 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் நொடிக்கு 0.07 மி.மீ. வேகத்தில் சென்சாரில் ஊர்ந்து செல்கிறது. 1/15 நொடியிலேயே அது ஒரு பிக்சலைத் தாண்டத் தொடங்கும்.

அசைவும் ஃபோகஸும்

இவ்வளவு உருப்பெருக்கத்தில் விரல் பட்டாலே நிலவு குலுங்கும். எடை குறைந்த மிரர் லென்ஸ் காற்றுக்கும் எளிதில் ஆடும். உறுதியான டிரைபாட், அதன் நடுத்தண்டை ஏற்றாமல் வைப்பது, அடியில் பையைக் கட்டித் தொங்கவிடுவது, ரிமோட் அல்லது இரண்டு நொடி டைமர் ஆகியவை அடிப்படைத் தேவைகள். எஸ்எல்ஆர் கேமரா என்றால் உள்ளே இருக்கும் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவிடும் வசதியையும் பயன்படுத்த வேண்டும்.

ஃபோகஸ் வளையத்தை ‘முடிவிலி’ எல்லை வரை திருகி நிறுத்தினால் போதும் என்று பலர் நினைப்பதுண்டு. மிரர் லென்ஸில் அது தவறு. வெப்பத்தால் குழல் நீள்வதையும் சுருங்குவதையும் ஈடுகட்ட, பல மிரர் லென்ஸ்களின் வளையம் முடிவிலியையும் தாண்டித் திரும்பும்படி செய்யப்பட்டிருக்கும். கேமராத் திரையில் பிம்பத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டில் ஒரு பள்ளத்தின் விளிம்பைத் தேர்ந்துகொண்டு, அது கூர்மையாகி மீண்டும் மங்கும் வரை திருப்பி, பிறகு சற்றே பின்வாங்க வேண்டும். குளிர ஆரம்பித்தால் அரை மணிக்கு ஒருமுறை சரிபார்ப்பதும் அவசியம்.

காற்று என்னும் கடைசி வில்லை

திரையில் நிலவின் விளிம்பு நீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிந்தால் அது லென்ஸின் குற்றமில்லை, காற்றின் வேலை. பகலில் வெயிலை வாங்கிய கான்கிரீட் மொட்டைமாடி இரவு முழுவதும் வெப்பத்தைக் கக்கும். மண் தரையோ புல்வெளியோ மேல். ஏசி அறையிலிருந்து லென்ஸை நேராகக் கடலோரப் புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் முன்கண்ணாடியில் ஈரம் படியும். பையை மூடியபடியே வெளியில் வைத்து, முக்கால் மணி நேரமாவது பொறுத்தால் ஈரமும் படியாது, குழலுக்குள் சுழலும் வெப்பக்காற்றும் அடங்கும்.

நிலவு உச்சியில் இருக்கும்போது ஒளி கடக்கும் காற்றடுக்கு மிகக் குறைவு. 30 டிகிரி உயரத்தில் அது இரட்டிப்பாகிறது. இந்த வகையில் தமிழ்நாட்டுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. சென்னையில் நிலவு நடுவானைக் கடக்கும்போது 45 டிகிரிக்குக் கீழே ஒருபோதும் இருப்பதில்லை. லண்டனில் சில இரவுகளில் 10, 15 டிகிரியோடு சரி.

எந்த நாள் நல்ல நாள்?

பௌர்ணமி அன்று நிலவில் நிழலே இல்லை. டைகோ பள்ளத்திலிருந்து விரியும் வெண்கதிர்களைத் தவிர மற்றவை தட்டையாகத் தெரியும். மேடுபள்ளம் வேண்டுமென்றால் வளர்பிறை ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை ஏற்ற காலம். அஷ்டமியை ஒட்டி அப்பென்னைன் மலைத்தொடர் வெளிச்சத்துக்கு வருகிறது. வெர்னர் பள்ளத்துக்கு அருகே சில பள்ள விளிம்புகள் மட்டும் வெயில்பட்டு, ஆங்கில எக்ஸ் எழுத்தைப் போன்ற உருவம் சில மணி நேரம் மிளிரும். இரண்டு நாள் கழித்து 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்னிக்கஸ் பள்ளம் விடியும், 1000 மி.மீ. லென்ஸில், 4 மைக்ரான் பிக்சல் கொண்ட சென்சாரில், அது 60 பிக்சல் அகலத்துக்கு விழும். அதன் படிக்கட்டுச் சுவர்களும் நடுச் சிகரங்களும் பிரிந்து தெரியத் தொடங்கும் அளவு அது. 10 செ.மீ. விட்டமுள்ள லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய மிகச்சிறிய அம்சம் சுமார் 2 கி.மீ. சந்திரயான்-3 இறங்கிய தென்பகுதியைப் படமெடுக்கலாம். சில மீட்டர் அளவேயான விக்ரம் லேண்டரைப் பார்க்க வழியே இல்லை.

கோபுரத்தின் பின்னால் நிலவு எழும் காட்சிக்குத் தொலைவு முக்கியம். 65 மீட்டர் உயரக் கட்டடம் நிலவைப் போல இரு மடங்கு உயரமாகத் தெரிய மூன்றரை கி.மீ. விலகி நிற்க வேண்டும். 500 மி.மீ. எஃப்/8 லென்ஸை நிலவுக்கு ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ ஒரு கி.மீ.க்கு அப்பால் உள்ளவை எல்லாம் ஏற்கத்தக்க கூர்மையோடு விழும். அருகிலுள்ள தெருவிளக்குகள் வளையங்களாகும்.

மிரர் லென்ஸ் தடுமாறுவது முழு சந்திர கிரகணத்தில். 2025 செப்டம்பர் 7 இரவு இந்தியாவில் தெரிந்ததுபோன்ற கிரகணத்தில், சிவந்த நிலவின் ஒளி பௌர்ணமியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும். எஃப்/8-ஐத் திறக்க வழியில்லாததால் ஷட்டரை நொடிக்கணக்கில் விட நேரும். நிலவைப் பின்தொடரும் மோட்டார் தாங்கி இல்லாமல் படம் இழுபடும், அல்லது ஐஎஸ்ஓவை ஏற்றி இரைச்சலைச் சகிக்க வேண்டும். சூரியன் பக்கம் மட்டும், அதற்கான வடிகட்டி இல்லாமல், இந்த லென்ஸைத் திருப்பவே கூடாது. கண்ணும் கேமராவும் பாழாகும்.

படமெடுத்த பிறகு

ஒரே படத்தை நம்பாமல், நூறு படங்களையோ சில நிமிட வீடியோவையோ எடுப்பதே இன்றைய வழக்கம். ஆட்டோஸ்டேக்கர்ட் போன்ற இலவச மென்பொருள், காற்று அடங்கிய நொடிகளில் விழுந்த கூர்மையான பிரதிகளை மட்டும் தேர்ந்து அடுக்கிச் சராசரி எடுக்கும். இரைச்சல் குறைந்துவிடுவதால் அதன்பின் கான்ட்ராஸ்டையும் கூர்மையையும் தாராளமாக ஏற்றலாம். நடு ஆடியால் இழந்தது பெரும்பாலும் இங்கே திரும்பக் கிடைக்கிறது.

பழைய லென்ஸ் வாங்குவோர் டார்ச் வெளிச்சத்தில் ஆடியைப் பார்க்க வேண்டும். முன்கண்ணாடியில் உள்ள தூசி படத்தைக் கெடுக்காது. ஆடிப் பூச்சில் பூஞ்சை படர்ந்திருந்தால் அதைச் சரிசெய்யும் செலவு பெரும்பாலும் லென்ஸின் விலையையே தாண்டிவிடும். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் லென்ஸைத் தோல் உறையில் பூட்டி வைக்காமல், சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, ஜெல்லை அவ்வப்போது உலர்த்தினால் பூச்சு பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும்.