ஒத்திவைக்கப்பட்ட வாழ்வு



பள்ளியில் ஒரு குழந்தையைச் சேர்க்கும்போது அதன் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றைத் தலைமையாசிரியர் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். எந்த ஊரில் வாழ்வது என்று முடிவு செய்தவர் பெற்றோர். அக்குழந்தையின் கருத்தை யாரும் கேட்டதில்லை. பல ஆண்டுகள் அப்பதிவேட்டை எழுதியவன் என்ற முறையில், இச்சிறு உண்மையிலிருந்து ஐக்கிய அமெரிக்க நாட்டில் எழுந்திருக்கும் ஒரு பெரிய சிக்கலை இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

அந்நாட்டுக்குள் உரிய அனுமதியின்றி எல்லை கடந்து வருவோர் உண்டு. அனுமதியோடு வந்து, தவணை கழிந்த பின்னும் தங்கிவிடுவோரும் உண்டு. அவர்களோடு குழந்தைகளும் வருகின்றனர். மூன்று வயதில் வந்த குழந்தை அந்நாட்டு மொழியைப் பேசி, அந்நாட்டுப் பாடங்களைப் படித்தே வளர்கிறது. ஆயினும் சட்டத்தின் கண்ணில் அது நாடு கடத்தப்படத் தக்க அயலாரே.

இக்குழந்தைகள் பள்ளியில் படிக்கலாமா என்பதே முதலில் எழுந்த கேள்வி. டெக்ஸாஸ் மாநிலம் 1975-ல் ஒரு சட்டம் இயற்றி, இவர்களது கல்விக்கு அரசுப் பணம் இல்லை என்றது. டைலர் என்னும் ஊரின் பள்ளி நிர்வாகம், 1977 முதல் இத்தகைய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1982-ல், ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தனர். பெற்றோர் செய்த செயலின் சுமையைப் பிள்ளைகள் மீது ஏற்றுவது நீதியாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வாறு பள்ளியின் கதவு திறந்தது. ஆனால், படித்து முடித்தபின் என்ன? வேலை பார்க்க அனுமதி இல்லை. எந்நாளும் நாடு கடத்தப்படலாம். இதற்குப் பரிகாரமாக 2001-ல் 'ட்ரீம்' என்னும் மசோதா காங்கிரஸில் கொண்டுவரப்பட்டது. 2010-ல் பிரதிநிதிகள் சபை அதனை நிறைவேற்றியது. செனட் சபையிலோ ஆதரவாக 55 வாக்குகள் கிடைத்தும், மேலே செல்வதற்கு வேண்டிய 60 கிட்டாமையால் அது நின்றுபோயிற்று.

அதன் பிறகு, 2012 ஜூன் 15-ஆம் நாள், ஜனாதிபதி ஒபாமாவின் அரசாங்கம் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. 'டாகா' என்பது அதன் சுருக்கப் பெயர். சிறு வயதில் வந்தோர் மீதான நடவடிக்கையை ஒத்திவைத்தல் என்பது பொருள். 16 வயது நிரம்பும் முன் வந்து, 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து அங்கே வாழ்ந்து, படித்துக்கொண்டோ படிப்பை முடித்தோ இருந்து, பெருங்குற்றம் எதுவும் செய்யாதவர் விண்ணப்பிக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு நாடு கடத்தல் ஒத்திவைக்கப்படும். வேலை பார்க்கவும் அனுமதி கிடைக்கும். தவணை முடியும்போது புதுப்பித்துக்கொள்ளலாம். இதுவரை எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனால் பயன் பெற்றுள்ளனர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இது குடியுரிமை அன்று. குடியுரிமைக்கு வழியும் அன்று. சட்டசபை இயற்றாத ஏற்பாடாதலால் இதற்கு உறுதியும் குறைவு. 2017-ல் ஜனாதிபதி டிரம்ப்பின் அரசாங்கம் இதனை முடித்துவிடுவதாக அறிவித்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம், முடித்த முறை சரியன்று என்று அம்முடிவை ரத்துச் செய்தது. திட்டம் சட்டப்படி சரியானது என்று அது கூறவில்லை. 2021-ல் டெக்ஸாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று திட்டமே சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்து, புதிய விண்ணப்பங்களுக்கு அனுமதி வழங்குவதைத் தடுத்தது. முன்பே பெற்றவர்கள் மட்டும் புதுப்பித்துக்கொள்ள இடம் விட்டது.

மேலும், 2007 ஜூன் 15-க்குப் பின் பிறந்த ஒருவர் கைக்குழந்தையாகவே வந்திருந்தாலும் இத்திட்டத்தில் சேர முடியாது. அந்நாளில் பிறந்த குழந்தைக்கு 2025-ல் 18 வயது நிறைந்துவிட்டது. ஆக, இப்போது பள்ளிப் படிப்பை முடித்து வெளிவரும் பிள்ளைகளுக்கு இந்தத் தற்காலிக நிழல்கூட இல்லை. முன்னே விண்ணப்பித்தவர்களுக்கோ வேறொரு கவலை. பாதுகாப்பை நாடித் தங்கள் பெயரையும் முகவரியையும் அரசாங்கத்திடம் தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

எல்லையைக் காப்பது அரசின் கடமை என்போரின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஜனாதிபதி தனித்துச் செய்யத் தக்கது இதுதானா என்ற கேள்வியும் நியாயமானதே. எனினும் குழந்தையைத் தன் பள்ளியில் சேர்த்துப் பன்னிரண்டு ஆண்டுகள் படிப்பித்த சமுதாயம், அது வளர்ந்து வந்து, "இனி நான் எங்கே செல்வது?" என்று கேட்கும்போது விடை சொல்லியாக வேண்டும். இரண்டு ஆண்டுத் தவணையைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பது விடையாகாது. காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றித்தான் அவ்விடையைத் தர முடியும். 2001 முதல் அது தரப்படவில்லை.

நாளை வாக்களிக்கப்போகும் நீங்கள், எந்தச் சட்டத்தைப் பற்றிப் படித்தாலும், அதன் சுமை யார் தோளில் விழுகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.