தாழ்ந்து ஒலிக்கும் மடிக்கணினி: லினக்ஸில் ஒலி குன்றுவது எங்கே?

சுங்கை வேயின் பெயர்ப்பலகைகள் இன்று ஸ்ரீ செத்தியா என்று அறிவித்தாலும், நம்மவர் நாவில் அது சுங்கை வேயாகவே நிலைத்துவிட்டது. 1970களில் இங்கே வளர்ந்த தடையற்ற வாணிக வளாகத்தின் மின்னணுத் தொழிற்சாலைகளில், தோட்டப்புறங்களிலிருந்து பெயர்ந்து வந்த தமிழ்ப் பெண்களும் பணிபுரிந்தனர். அத்தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இப்போது மடிக்கணினி வழியே பாடம் கேட்கின்றனர். எல்லார் வீட்டிலும் புதிய கணினி இருப்பதில்லை. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்த பதிப்போ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பைக் கேட்கிறது. ஆகவே, உறுப்புகள் கெடாதிருந்தும் கைவிடப்படும் கணினிகளில் உபுண்டு, மின்ட், ஃபெடோரா முதலான லினக்ஸ் வழங்கல்களை நிறுவிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது சிக்கனமும் பயனும் உடைய வழியாயிற்று.

அவ்வாறு கொடுத்த பின் எழும் முறையீடுகளுள் ஒன்று அடிக்கடி செவிக்கு எட்டுவது: "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, சத்தம்தான் போதவில்லை." இதனைச் சிறு குறையென்று ஒதுக்குதல் தகாது. டேசா மெந்தாரி போன்ற அடுக்ககங்களில் ஒருபுறம் நெடுஞ்சாலை இரைச்சல், மறுபுறம் சுழலும் மின்விசிறி, மாலையானால் மழை. இவற்றுக்கிடையே தாழ்ந்த குரலில் வரும் பாடத்தில் உயிரெழுத்துகள் ஒருவாறு செவியை அடைந்துவிடும். மெய்யெழுத்துகளே முதலில் மறையும். லகர, ளகர, ழகர வேறுபாடு ஒலியின் பெரும்பகுதியில் இல்லை. நா வளைவதால் மேல் அதிர்வெண்களில் நிகழும் மெல்லிய மாற்றத்தில்தான் இருக்கிறது. அம்மெல்லிய பகுதியை இரைச்சல் விழுங்கிவிட்டால், 'வாலை' என்றாரா, 'வாளை' என்றாரா, 'வாழை' என்றாரா என்பதைப் பிள்ளை ஊகித்தே அறிய வேண்டும். மொழியைக் கேட்டுப் பயிலும் அகவையில் ஊகம் நல்ல ஆசான் அன்று.

வழிமுறைகளுக்குப் புகுமுன் சொல்லைப் பற்றி ஒரு சொல். நாம் 'ஒலியளவு' என்னும் ஒரே பெயரால் மூன்று பொருள்களைக் குறிக்கிறோம். மின்குறிகையின் ஏற்ற இறக்கம் ஒன்று. அறிவியல் பாடநூல்கள் அதனை வீச்சு என்னும். அவ்வீச்சை எத்தனை மடங்காக்குகிறோம் என்பது மற்றொன்று; அது பெருக்கம். செவி உணரும் வன்மை மூன்றாவது. அதற்கு உரப்பு என்னும் நல்ல சொல் பாடநூல்களிலேயே உண்டு. கணினித் திரையில் நாம் நகர்த்துவது பெருக்கத்தை. நாம் வேண்டுவதோ உரப்பை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை மறப்பதால்தான் பாதிக் குழப்பம் விளைகிறது.

லினக்ஸில் ஒலி ஒரே குமிழால் ஆளப்படுவதில்லை. அடுக்குமாடியின் மேல்தளத்தில் குழாயை முழுதும் திறந்தும் நீர் ஒழுகலாக வந்தால், நாம் குழாயைக் குறை கூறுவதில்லை. மீட்டரருகே உள்ள அடைப்பானையும் தொட்டியடியில் உள்ள அடைப்பானையும் பார்க்கிறோம். எது மிகவும் குறுகியிருக்கிறதோ அதுவே நீரின் அளவைத் தீர்மானிக்கும். ஒலியும் அவ்வாறே. பாடல் இயக்கி அல்லது உலாவி முதல் அடைப்பான். அதன்பின் ஒலிப் பணியகம்: 2004இல் லென்னார்ட் பொட்டரிங் தொடங்கிய பல்ஸ்ஆடியோவோ, விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயரோ. ஃபெடோரா 2021இலும் உபுண்டு 2022இலும் பைப்வயருக்கு மாறின. அதற்குக் கீழே, இயங்குதளத்தின் கருவில், ஆல்சா என்னும் அடுக்கு. இறுதியில் கணினியின் ஒலிச்சில்லு, பெருக்கி, ஒலிபெருக்கிக் கூம்பு.

ஒவ்வோர் அடைப்பானும் முந்தியதன் விளைவைப் பெருக்குகிறது, கூட்டுவதில்லை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒலிப் பணியகத்தின் அளவுகோல் நேர்கோட்டில் அமைந்ததன்று. செவியின் இயல்புக்கேற்ப மும்மடி விதியில் அமைந்தது. 50 விழுக்காடு என்று திரை காட்டும்போது வீச்சு பாதியன்று, 8இல் 1. அஃதாவது 18 டெசிபெல் குறைவு. உலாவியின் தனி அளவும் கருவியின் பொது அளவும் இரண்டும் 50இல் நின்றால் வீச்சு 64இல் 1 ஆகிவிடும். 10 டெசிபெல் குறைந்தால் உரப்பு ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. 36 டெசிபெல் குறைந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கே செவிக்கு எட்டும். பைப்வயரோடு இணைந்தியங்கும் வயர்பிளம்பர், ஒரு கருவியை முதன்முறையாகக் காணும்போது அதன் அளவை 40 விழுக்காட்டில் வைப்பதையே தன் இயல்பமைப்பாகக் கொண்டுள்ளது. செவிகளைத் திடீர் ஓசையிலிருந்து காக்கும் நல்லெண்ணமே அதன் காரணம். எனினும் புதிதாக நிறுவிய கணினி ஈனக்குரலில் பேசுவதற்கு அது மட்டுமே போதுமானது.

எனவே முதற்கண் செய்ய வேண்டியது, பாவுகன்ட்ரோல் என்னும் செயலியை நிறுவித் திறப்பது. திரையின் மூலையில் உள்ள ஒற்றைக் கோலில் காணக் கிடைக்காதவை அதில் வெளிப்படும்: எந்தச் செயலி எந்த அளவில் ஒலிக்கிறது, ஒலி எந்தக் கருவிக்குச் செல்கிறது, இடமும் வலமும் சமமா என்பன. ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அச்செயலியின் பெயர் அங்கே தோன்றும். ஆதலால் பாடத்தை ஓடவிட்டே பார்க்க வேண்டும். அவ்விடத்தில் அனைத்தையும் 100க்கு உயர்த்துக. 100க்கு மேல் செல்ல வேண்டா. அதன் காரணம் பின்னர்.

அதன்பின்னும் குரல் தாழ்ந்திருந்தால் கீழடுக்கிற்கு இறங்குவோம். முனையத்தைத் திறந்து, 'ஆல்சாமிக்சர்' என்பதை ஆங்கிலத்தில் சிற்றெழுத்துகளால் இடைவெளியின்றித் தட்டினால், நெடுங்கோல்கள் வரிசையாக நிற்கும் ஒரு திரை தோன்றும். தோற்றம் பழமையானது, மெய்யை ஒளிக்காதது. எஃப்6 விசையால் உண்மையான ஒலிச்சில்லைத் தெரிவு செய்வது இன்றியமையாதது. இல்லையேல் பணியகத்தின் ஒற்றைக் கோலே மறுபடியும் தெரியும். அங்கே மாஸ்டர், ஸ்பீக்கர், பிசிஎம் என்னும் கோல்களை நோக்குக. கோலின் அடியில் 'எம்எம்' என்றிருந்தால் அது வாயடைக்கப்பட்டுள்ளது. எம் விசையை அழுத்தினால் திறக்கும். மாஸ்டர் உயர்ந்திருக்க, ஸ்பீக்கர் மட்டும் நடுவில் நின்றுவிட்ட கணினிகள் உள்ளன. மேலே எத்தனை முறை குமிழைத் திருகினும் இக்கோல் அசையாமல் இருக்கக்கூடும். 'ஆட்டோ-மியூட்' என்றொரு தெரிவும் சில சில்லுகளில் காணப்படும். ஹெட்போன் செருகியதும் ஒலிபெருக்கியை அடைப்பது அதன் பணி. செருகுதுளை தேய்ந்தோ தூசடைந்தோ இருந்தால், செருகாத ஹெட்போனைச் செருகியதாக எண்ணிக் கணினி வாய் மூடிக்கொள்ளும். சரிசெய்த அளவுகள் மறுமுறை கணினியைத் திறக்கும்போது மாறிவிட்டால், 'ஆல்சாசிடிஎல் ஸ்டோர்' என்னும் கட்டளையை நிருவாக உரிமையுடன் இட்டு அவற்றைச் சேமிக்கலாம்.

இனி 100க்கு மேல் ஏற்றுவதைப் பற்றி. நோம் திரையமைப்பிலும் கேடிஇ திரையமைப்பிலும் 150 விழுக்காடு வரை உயர்த்தும் தெரிவு உண்டு. மும்மடி விதிப்படி அது வீச்சை ஏறத்தாழ 3.4 மடங்காக்கும். எண்முறை ஒலிக்கோ ஒரு கூரை உண்டு: 16 துணுக்குப் பதிவில் 32,767க்கு மேல் எந்த எண்ணும் செல்லாது. கூரையை முட்டும் அலைமுகடுகள் வெட்டுண்டு தட்டையாகும். அவ்வெட்டு, மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வெண்களை எழுப்பும். நாம் காக்க விரும்பிய ழகரத்தின் மெல்லிய அடையாளம் அக்கரகரப்பில் புதைந்துபோகும். உரப்பு கூடிற்று, தெளிவு குறைந்தது என்பதே விளைவு.

ஆயினும் இதனை முற்றாக விலக்கச் சொல்வது சரியன்று. திரையிசைப் பாடல்கள் பெரும்பாலும் கூரையைத் தொடும் அளவிலேயே பதிவாகின்றன. அவற்றை 150இல் வைத்தால் கேடு உறுதி. அவையில் தொலைவிலிருந்து பதிவான ஓர் இலக்கியச் சொற்பொழிவின் முகடு கூரையில் 5இல் 1 பங்கையே எட்டியிருக்கலாம், அதனை 3.4 மடங்காக்கினாலும் கூரைக்குள் அடங்கும். யூடியூப் தளம் மிகுதியாக ஒலிக்கும் காணொளிகளைத் தாழ்த்துகிறது. தாழ்ந்து பதிவானவற்றை உயர்த்துவதில்லை. நம் பழைய உரைகள் அங்கே முனகலாகக் கேட்பதற்கு அது ஒரு காரணம். அவற்றுக்கு மட்டும் 150ஐப் பயன்படுத்தி, முடிந்ததும் இறக்கிவிடுதல் தக்கது.

"விண்டோஸில் இதே கணினி உரக்கப் பேசிற்றே" என்பாருக்கு விடை இங்கேதான் உள்ளது. மடிக்கணினி நிறுவனங்கள் தம் சிறிய ஒலிபெருக்கிகளின் வலுவின்மையை மறைக்க, டால்பி போன்ற மென்பொருள்களை விண்டோஸில் சேர்த்தே விற்கின்றன. அவை தாழ்ந்த ஒலிகளை உயர்த்தி, உயர்ந்தவற்றை அமுக்கி, இடைவெளியைச் சுருக்கும். லினக்ஸில் அம்மறைப்பு இல்லை. ஒலிபெருக்கியின் மெய்யான தகுதி வெளிப்படுகிறது. அதே வேலையைச் செய்ய ஈசிஎஃபெக்ட்ஸ் என்னும் கட்டற்ற செயலி உண்டு. அதில் 'கம்ப்ரசர்' என்பதைச் சேர்த்து மிதமாக அமைத்து, இறுதியில் 'லிமிட்டர்' என்பதையும் வைத்தால், கூரையை முட்டாமல் பேச்சின் உரப்பு கூடும். எம் கருத்தில், பாடம் கேட்கும் பிள்ளைகளுக்கு 150 விழுக்காட்டுத் தெரிவைவிட இதுவே சிறந்தது. கீழ் அதிர்வெண்களைச் சற்றுக் குறைப்பதும் நன்று. சிறு கூம்புகளால் அவற்றை எழுப்ப இயலாது, வீணே அதிரும்.

புளூடூத் ஹெட்போன் தனிச் சிக்கல். பாடல் கேட்கும்போது இனிமையாக ஒலித்தது, இணைய வகுப்பில் ஒலிவாங்கி திறந்ததும் தொலைபேசிக் குரலாகத் தாழும். இது பழுதன்று. ஒலிவாங்கியோடு கூடிய முறைக்கு மாறும்போது பழைய குறிமுறையில் விநாடிக்கு 8,000 மாதிரிகளே கிடைக்கும். 4,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி அற்றுப்போகும். கணினியிலுள்ள ஒலிவாங்கியைத் தெரிவு செய்து, ஹெட்போனைக் கேட்பதற்கு மட்டும் விட்டால் குரல் மீளும். கம்பி உள்ள ஹெட்போன் இதனினும் எளிது, விலையும் குறைவு.

எஞ்சுவது, அமைப்புகளால் தீராத இனம். அண்மைக்காலத்து மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் ஒலிபெருக்கிக்குத் தனிப் பெருக்கிச் சில்லுகள் உள்ளன. சிரஸ் லாஜிக், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனங்களின் சில்லுகள் எடுத்துக்காட்டு. அவற்றை எழுப்ப, அந்தந்தக் கணினி மாதிரிக்குரிய நிலைப்பொருள் கோப்பும் லினக்ஸ் கருவின் ஒப்புதலும் வேண்டும். அவை இல்லையேல் நான்கு ஒலிபெருக்கிகளுள் இரண்டே பேசும். அடித்தொனியற்ற தகர ஓசை அதன் அடையாளம். எந்தக் கோலை உயர்த்தியும் பயனில்லை. புதிய கருவுள்ள வழங்கலுக்கு மாறுவதே வழி. அதனை நிறுவாமலே ஆய்ந்து பார்க்கலாம்: வழங்கலின் அண்மைப் பதிப்பை யூஎஸ்பி கோலில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, ஒரு பாடலை ஒலிக்கச் செய்தால் விடை ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்போதும் குரல் எழவில்லை, ஹெட்போனில் மட்டும் தெளிவாகக் கேட்கிறது என்றால் கணினியைத் திருப்பி, அடியில் உள்ள துளைகளில் படிந்த தூசியை மென்தூரிகையால் நீக்கிப் பாருங்கள். கட்டில் மெத்தையின்மேல் வைத்துப் பயிலும் பிள்ளைகளின் கணினியில் அத்துளைகள் மெத்தையிலேயே புதைந்துகிடக்கும். ஒரு மரப்பலகை போதும்.