மேட்டூர்: காவிரிக் கரையில் ஒரு விடுமுறை

சேலம் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. விடுமுறையில் தண்ணீரைத் தேடும் குடும்பங்கள் மேட்டூருக்குத்தான் கிளம்புகின்றன. காவிரியின் குறுக்கே 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அணை நிரம்பினால் உபரிநீர் பதினாறு கண் மதகு வழியே பாறைகளில் மோதி வெண்ணுரையாய்ச் சீறும். அந்தக் காட்சிக்கு ஈடே இல்லை.

அணைப் பூங்கா பிள்ளைகளுக்கு உகந்தது. ஆடிப்பெருக்கன்று காவிரியில் நீராடி, அணைக்கட்டு முனியப்பனை வழிபட வரும் கூட்டம் அலைமோதும். மிளகாய் மசாலா தடவி, கண்ணெதிரே மொறுமொறுவெனப் பொரித்துத் தரும் அணை மீனைச் சாப்பிடாமல் திரும்புவோர் குறைவு.

நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது, பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரியும். வெள்ள எச்சரிக்கை உள்ள நாட்களில் மட்டும் ஆற்றில் இறங்கவே வேண்டாம்.