உள்ளங்கை வியர்வைக்குக் கத்தி வேண்டுமா?

பரீட்சைத் தாளின் மேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் கையை ஊன்றி எழுதும் பிள்ளைகள் சிலர் உண்டு. உள்ளங்கையில் நீர் சொட்டும், மை கலைந்துபோகும். "பயந்தாங்கொள்ளி" என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். இது பயமும் அல்ல, அழுக்கும் அல்ல. இளம் வயதிலேயே தொடங்கும் ஓர் உடற்கோளாறு. ஒரே குடும்பத்தில் பலருக்கு இருப்பதும் உண்டு.

இதை அறுவைச் சிகிச்சையால் நிறுத்தலாம் என்று கேள்விப்படும் பெற்றோர், அது என்னவென்று அறிந்துகொள்வது நல்லது.

நெஞ்சுக்கூட்டின் உள்ளே, முதுகெலும்பின் இருபக்கமும் சங்கிலிபோல் ஒரு நரம்பு ஓடுகிறது. கைகளை வியர்க்கச் சொல்லும் கட்டளை அதன் வழியாகவே போகிறது. மயக்க மருந்து கொடுத்து, அக்குள் பக்கம் சிறு துளையிட்டு, மெல்லிய குழாய்க் கருவியை நுழைத்து அந்த நரம்பை வெட்டுவார்கள். அல்லது கவ்வி போட்டு இறுக்குவார்கள்.

கை உடனே உலர்ந்துவிடும். ஆனால், அங்கே நின்ற வியர்வை முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் பெருகுவது பலருக்கு நேர்கிறது. சிலர் நாளுக்குப் பலமுறை சட்டை மாற்ற வேண்டியிருக்கும். வெயிலில் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு இது சிறு தொல்லையா? வெட்டிய நரம்பைப் பழையபடி ஆக்கவும் இயலாது. அபூர்வமாகக் கண்ணிமை தொங்கிவிடுவதும் உண்டு. நம்மைப்போல் வெப்பம் மிகுந்த தைவானில், 20 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இதைச் செய்யக்கூடாதென்று 2004-ல் தடை விதித்தார்கள்.

ஆகவே, முதலில் எளிய வழிகளைப் பாருங்கள். அலுமினியம் குளோரைடு கலந்த மருந்தை, நன்றாகத் துடைத்த கையில் இரவில் தடவி, காலையில் கழுவலாம். தண்ணீர்த் தட்டில் கையை வைத்து இலேசான மின்சாரம் செலுத்தும் கருவியும் உண்டு. மருத்துவர் சொல்லும் கருவியைத் தவிர, வீட்டில் கம்பி மாட்டி இதை ஒருபோதும் முயலாதீர்கள், உயிருக்கே ஆபத்து! மாத்திரைகளும் இருக்கின்றன. சில மாதங்கள் பலன் தரும் போடாக்ஸ் ஊசியும் இருக்கிறது.

உடல் முழுதும் புதிதாக வியர்த்தாலோ, இரவில் வியர்த்து உடல் மெலிந்தாலோ, உடனே டாக்டரைப் பாருங்கள். தைராய்டு கோளாறாகவோ காசநோயாகவோ இருக்கலாம்.

எல்லா வழிகளும் பயன்படாமல் போனபின் கத்தியைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் கையெழுத்துப் போடுமுன் டாக்டரிடம் கேளுங்கள்: "கையில் நிற்கும் வியர்வை பிறகு எங்கே வரும்? எவ்வளவு வரும்?" பதில் தெளிவாகும்வரை அவசரப்பட வேண்டாம்.