தாவியது ஆளா, தொகுதியா?

கல்முனையைப் பற்றி நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு பேச்சு உண்டு: அங்கிருந்து பாராளுமன்றம் போகிறவர் எந்தச் சின்னத்தில் வென்றாலும் கடைசியில் ஆளும் தரப்பின் வரிசையில்தான் போய் உட்காருவார் என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1947 முதல் 1989 வரை தனித் தொகுதியாகவும், அதன்பின் திகாமடுல்ல (அம்பாறை) தேர்தல் மாவட்டத்தின் ஒரு பிரிவாகவும் கல்முனை வாக்களித்து வந்திருக்கிறது. அந்த வரலாற்றைப் புரட்டினால் இடம் மாறி உட்கார்ந்தவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆனால் 'அது முஸ்லிம் அரசியல்வாதிகளின் குணம்' என்று கூடவே சொல்லப்படும் காரணம் அதே வரலாற்றின் முன் நின்றுபிடிக்காது. அந்த மாவட்டம் ஆக்கப்பட்ட விதமே ஆட்களைத் தாவ வைத்தது என்பது என் வாதம்.

எல்லோரும் முதலில் எடுத்துக்காட்டுவது 1956ஆம் ஆண்டைத்தான். தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டு அது. அத்தேர்தலில் தமிழரசுக் கட்சி வென்ற 10 ஆசனங்களில் இரண்டை வென்றவர்கள் முஸ்லிம்கள்: கல்முனையில் கேட் முதலியார் எம்.எஸ்.காரியப்பர், பொத்துவிலில் எம்.எம்.முஸ்தபா. தமிழ் பேசும் மக்கள் என்ற ஒரே குடையின் கீழ் வாக்குக் கேட்டு வென்ற இருவருமே பின்னர் அரசாங்கத்தின் பக்கம் போனார்கள். முஸ்தபா 1959இன் இறுதியில் தகநாயக்க அமைச்சரவையில் நிதியமைச்சர் ஆகும் அளவுக்குப் போனார். 1960 யூலையில் தமிழரசுக் கட்சிக்காகக் கல்முனையை வென்ற எம்.சி.அகமது, 1970இல் அதே தொகுதியை ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்காக வென்றார். 1977இல் வென்ற ஏ.ஆர்.மன்சூர் ஐக்கிய தேசியக் கட்சிக்காரர். அலை அடித்த பக்கமே நின்றதால் தாவும் வேலை அவருக்கு மிச்சம்.

இந்த ஆட்களை விட்டுவிட்டு நிலத்தைப் பார்ப்போம். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் ஆற்றை மறித்து சேனாநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. அதன் கீழே சிங்களக் குடியேற்றங்கள் எழுந்தன. 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி பிரிந்து அம்பாறை மாவட்டமானது. கச்சேரி உள்நாட்டிலுள்ள அம்பாறை நகரில் அமைந்தது. கரையோரத்து நிந்தவூரிலோ சம்மாந்துறையிலோ வயல் செய்கிறவருக்குச் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்பதும், காணி அனுமதிப்பத்திரமும், பிள்ளைக்கு ஆசிரிய நியமனமும் எல்லாம் அரசாங்கத்தின் கையில்தான். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 43 வீதம். மூன்று சமூகங்களில் மிகப் பெரியது அதுவே. நாட்டளவிலோ அவர்கள் அப்போது பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஆசனம் வெல்ல அந்த எண்ணிக்கை போதும். அரசாங்கம் அமைக்க ஒருபோதும் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட ஒரு உறுப்பினரிடம், வென்ற மறுநாள் வீட்டுத் திண்ணையில் வந்து குந்தும் வாக்காளர் கேட்பது கொள்கை விளக்கத்தையா, கச்சேரிக்கு ஒரு கடிதத்தையா?

சரி, இதே நிலைமை தமிழருக்கும்தானே இருந்தது, அவர்கள் எதிர்க்கட்சியில் உறுதியாக நிற்கவில்லையா என்று கேட்கலாம். வடக்கில் பெரும்பாலும் நின்றார்கள். அம்பாறையில்? 1977இல் பொத்துவில் இரட்டை அங்கத்தவர் தொகுதியில் தமிழர் விடுதலைக் கூட்டணிக்காக வென்ற எம்.கனகரத்தினம் சில மாதங்களிலேயே ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போனார். 1978 ஜனவரியில் கொழும்பில் புலிகள் அவரைச் சுட்டார்கள், 1980இல் இறந்தார். 2010இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு இம்மாவட்டத்தில் வென்ற ஒரே உறுப்பினரான பொடியப்புஹாமி பியசேனவும் அதே ஆண்டில் அரசுப் பக்கம் சாய்ந்தார். தமிழ்த் தேசியத்தின் பெயரால் வென்று, உயிருக்கே ஆபத்து என்று தெரிந்த காலத்திலும் ஒருவர் தாவியிருக்கிறார் என்றால், அதைச் சமூகக் குணம் என்று எப்படிச் சொல்வது? 2015இலும் 2024இலும் வென்ற கவீந்திரன் கோடீஸ்வரன் தாவவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலைமை எல்லோரையும் ஒரே அளவில் இழுப்பதில்லை.

விகிதாசாரத் தேர்தலும் முஸ்லிம் காங்கிரஸும் வந்ததும் இது தீர்ந்திருக்க வேண்டாமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெற 12.5 வீத வாக்கு வேண்டும் என்றிருந்த வெட்டுப்புள்ளி, 1988 டிசம்பரில் 15ஆவது திருத்தத்தால் 5 வீதமாகக் குறைந்தது. ஜனாதிபதித் தேர்தலில் நின்ற பிரேமதாசாவிடம் முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம்.எச்.எம்.அஷ்ரஃப் பேசிப் பெற்றது அது. அவர் அப்போது கேட்டது அமைச்சுப் பதவியை அல்ல, தேர்தல் விதியில் ஒரு மாற்றத்தை என்பதைக் கவனிக்க வேண்டும். பலன் 1994இல் தெரிந்தது. சந்திரிகாவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள். பெரும்பான்மைக்கு 113 வேண்டும். மரச் சின்னத்து முஸ்லிம் காங்கிரஸிடம் 7 இருந்தன. அஷ்ரஃப் கப்பல், துறைமுக, புனர்வாழ்வு அமைச்சரானார். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தது அந்தக் காலத்தில்தான். அதைத் தாவல் என்று யாரும் சொல்வதில்லை. வாக்காளர் அறிந்த கட்சி ஒன்று முழுதாகப் போய்ச் செய்துகொண்ட உடன்பாடு அது.

2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் அஷ்ரஃப் மறைந்த பிறகு அந்த ஒரு கட்சி பலவாயிற்று. அதற்கு வாரிசுச் சண்டை மட்டும் காரணமல்ல. விகிதாசார முறையில் வாக்காளர் கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டுவிட்டு, மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் இடலாம். பழைய தொகுதி எல்லை அழிந்த இடத்தில் ஊர் எல்லை வந்து உட்கார்ந்தது. ஒரே பட்டியலில் நிற்கும் சாய்ந்தமருதுக்காரரும் கல்முனைக்குடிக்காரரும் சம்மாந்துறைக்காரரும் ஒருவரையொருவர் தோற்கடிக்க வேண்டியவர்களானார்கள். அக்கரைப்பற்று ஏ.எல்.எம்.அதாவுல்லாவின் தேசிய காங்கிரஸுக்குக் கோட்டையாயிற்று; மயில் சின்னத்தோடு ரிஷாட் பதியுதீனின் மக்கள் காங்கிரஸும் வந்தது. தோற்ற ஊர் மற்றக் கட்சியில் ஆள் தேடும். வென்றவர் தன் ஊருக்கு வீதி போட அமைச்சரைத் தேடுவார். தாவலுக்கு முன்பு ஒரு காரணம் இருந்தது, இப்போது இரண்டு.

தாவியதால் கிடைத்தது என்ன? 2010இல் ஐக்கிய தேசியக் கட்சிப் பட்டியலில் போட்டியிட்ட முஸ்லிம் காங்கிரஸ், 18ஆவது திருத்தத்துக்கு வாக்களித்துவிட்டு ராஜபக்ச அரசில் சேர்ந்தது. மூன்றில் இரண்டைத் தொட அதன் வாக்குகள் உண்மையாகவே தேவைப்பட்ட தருணம் அது. ஆனாலும் தலைவர் ரவூப் ஹக்கீமுக்கு நீதியமைச்சு கிடைத்ததைத் தவிர கரையோரம் பெரிதாக ஒன்றும் காணவில்லை. எண்ணிக்கை தேவைப்பட்டால் மட்டும் போதாது, கேட்பதை முன்கூட்டியே பகிரங்கமாகக் கேட்டிருக்க வேண்டும் என்பதற்கு 1994உம் 2010உம் அருகருகே நிற்கும் சாட்சிகள். 2020 ஒக்டோபரில், திகாமடுல்லவில் ஐக்கிய மக்கள் சக்தியில் வென்ற முஸ்லிம் காங்கிரஸின் எச்.எம்.எம்.ஹரீஸும் பைசல் காசிமும் 20ஆவது திருத்தத்துக்குக் கை உயர்த்தினார்கள். அவர்களின் தலைவர் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. எரிப்பு நின்றது 2021 பெப்ரவரியில்தான்.

இன்னும் நேராகக் காட்ட நுரைச்சோலை இருக்கிறது. 2004 சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி உதவியில் அக்கரைப்பற்றுக்கருகே 500 வீடுகள் கட்டப்பட்டன. அந்தக் காலத்தில் வீடமைப்பு அமைச்சர் வேறு யாருமல்ல, இதே மாவட்டத்தில் வென்ற பேரியல் அஷ்ரஃப். முஸ்லிம்களுக்கு மட்டும் கொடுப்பதை எதிர்த்து வழக்கு வந்தது. கூரை வேய்ந்த வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் காடு மண்டிக் கிடந்தன. அமைச்சரவைக்குள் இருந்தும் தான் வென்ற மாவட்டத்தில் ஒரு திறப்பைக் கையளிக்க முடியவில்லை. சாய்ந்தமருதுக்கும் இதே கதி: 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பள்ளிவாசல் முன்னின்று தோடம்பழச் சின்னத்தில் சுயேச்சைக் குழுவை இறக்கித் தன் பலத்தைக் காட்டியது, 2020 பெப்ரவரியில் தனி நகர சபைக்கான வர்த்தமானியும் வந்தது, வந்த சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டது.

2024 நவம்பர் தேர்தலோடு கணக்கு மாறிவிட்டது. திகாமடுல்லவின் 7 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி 4, தமிழரசுக் கட்சி, முஸ்லிம் காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ் ஒவ்வொன்று. நாட்டில் 225இல் 159 ஆசனங்களை வைத்திருக்கும் அரசாங்கம் யாரையும் அழைக்கத் தேவையில்லை. இனி தாவல் ஒழிந்தது என்று சிலர் மகிழ்கிறார்கள். வாங்க ஆளில்லாமல் சந்தை மூடியிருக்கிறது, அவ்வளவே. கச்சேரியும் மதகும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. பாடசாலையையும் வீதியையும் காணியில் ஒரு பங்கையும் கொழும்புக்குப் போகாமல் தீர்க்க மாகாண சபை என்ற ஓர் இடம் உண்டு. கிழக்கில் அதன் முதலமைச்சராக முஸ்லிம் காங்கிரஸின் நசீர் அஹமட் 2015 முதல் இருந்தார். அச்சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. புதிய கலப்பு முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. அந்த நிராகரிப்புக்கு வாக்களித்தவர்களில் கரையோரத்தின் பிரதிநிதிகளும் உண்டு. அதன்பின் கிழக்கில் மாகாண சபைத் தேர்தல் நடக்கவே இல்லை.