மறதி தொடாத பெண்மணி

கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில் சில குடும்பங்களில் 45 வயதை ஒட்டியே மறதி தொடங்கிவிடுகிறது. சொன்னதையே சொல்வார்கள். சில ஆண்டுகளில் பெற்ற பிள்ளையையே யாரென்று தெரியாது. சாபம் என்றுதான் ஊரார் வெகுகாலம் நம்பினார்கள்.

அந்த மண்ணில் வளர்ந்த நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லோபேரா, 1980களில் இதன் வேரைத் தேடிக் கிளம்பினார். போதைக் கும்பல்களும் கொரில்லாக்களும் துப்பாக்கியோடு திரிந்த காலத்தில், வீடு வீடாகப் போய் வம்சாவளி எழுதி, ரத்தம் சேகரித்தார். அந்த வம்சத்தில் இன்று சுமார் 6,000 பேர். பிரிசெனிலின்-1 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழைதான் காரணம் என்று 1990களில் தெரியவந்தது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. இந்தப் பிழையால் அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படிந்துகொண்டே போகிறது.

ஆனால் ஒரு பெண்மணி எழுபது வயதைத் தாண்டும்வரை தெளிவாகவே இருந்தார். பிழை அவருக்கும் இருந்தது. ஸ்கேன் செய்து பார்த்தால் மூளை முழுக்க அமிலாய்டு! நரம்பணுக்களுக்குள் முடிச்சு முடிச்சாகத் திரளும் டௌ புரதம் மட்டும் மிகக் குறைவு. 2019இல் வெளியான ஆய்வு காரணத்தைச் சொன்னது: அபோஇ என்ற இன்னொரு மரபணுவில் 'கிறைஸ்ட்சர்ச்' எனப்படும் அரிய மாற்றம், தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக, அவரிடம் இரண்டு பிரதிகள் இருந்தன. அபோஇ புரதம் உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிக்கொள்வது இந்த மாற்றத்தால் தளர்கிறது. டௌ பரவுவதும் தடைபடுவதாகக் கருதுகிறார்கள்.

இதே குடும்பத்தினரிடம் அமிலாய்டைக் குறிவைத்துச் சோதித்த கிரெனெசுமாப் மருந்து, எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்த அந்த மக்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அமிலாய்டு தீயைப் பற்றவைக்கலாம். நினைவை எரிப்பது பெரும்பாலும் டௌதான். அதை அந்தப் பெண்மணியின் மூளை காட்டியதுபோல் எந்த ஆய்வகமும் தெளிவாகக் காட்டவில்லை என்பேன்.

கிறைஸ்ட்சர்ச் மாற்றம் ஒற்றைப் பிரதியாக இருந்தாலும் பயன் உண்டா? அந்த வம்சத்தில் அப்படிப்பட்ட 27 பேரை ஆராய்ந்து 2024இல் பதில் சொன்னார்கள்: தடுமாற்றம் சுமார் 5 ஆண்டுகள் தள்ளிப்போகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் லோபேரா காலமானார். அந்த மாற்றத்தின் வேலையை மருந்தாகச் செய்யக்கூடிய எதிர்ப்புரதம் ஒன்றை, எலிகளில் ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றின் மூளையில் டௌ குறைந்திருக்கிறது.