மாசி விலையும் மாலைதீவு நீரோட்டமும்

மாலைதீவிலிருந்து மாசி வரத்துக் குறைந்தால் நம் வியாபாரிகள் டொலரையும் கப்பல் கூலியையும் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் சரக்குப் பிறக்குமிடம் கடல் அல்லவா? அந்தக் கடலையும் கொஞ்சம் பார்ப்போம்.

நடுக்கடலின் மேல்நீரில் வெயில் தாராளம், போசணை உப்புகளோ குறைவு. அவை ஆழத்தில் இருட்டில் கிடக்கின்றன. மேலே சூடான இலேசான நீர், கீழே குளிர்ந்த பாரமான நீர். இரண்டும் இலகுவில் கலப்பதில்லை. கலந்தால்தான் நுண்பாசி வளரும். அதைத் தின்று சிற்றுயிர்களும், அவற்றைத் தின்று சிறுமீனும், அதன் பின்னால் நாம் பலயா என்று சொல்லும் சூரையும் வரும்.

கலக்கும் வேலையைத் தீவுகள் செய்கின்றன. மாலைதீவில் சுமார் 1,200 தீவுகள். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 870 கிலோமீற்றர் நீளத்துக்கு, கிழக்கு மேற்காக ஓடும் நீரோட்டத்துக்குக் குறுக்கே வேலி போட்டாற்போல அவை கிடக்கின்றன. நீரோட்டம் இடையிலுள்ள கால்வாய்களில் நெருக்குண்டு வேகமெடுக்கிறது. தாண்டியதும் மறுபுறத்தில் சுழிகள் உண்டாகி, கீழ்நீர் மேலே வருகிறது. தீவருகே கடல் இப்படிச் செழிப்பதை 1956இல் டொட்டி, ஒகூரி என்ற இரு ஆய்வாளர்கள் ஹவாயில் அளந்து எழுதினார்கள்.

வடகீழ்ப் பருவத்தில் நீரோட்டம் மேற்கே ஓடுவதால் தீவுகளின் மேற்குப் பக்கம் செழிக்கும். தென்மேல் பருவத்தில் கிழக்குப் பக்கம். செய்மதிப் படத்தில் இந்தப் பச்சை நிறம் தெரியும். நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும் யானைத் திருக்கைகளும் பருவத்துக்கேற்பப் பக்கம் மாறுகின்றன. நம் நாட்டிலும் தென்மேல் பருவத்தில் தென்கரையோரம் கீழ்நீர் எழும்புகிறது; அங்கே காற்றின் பங்கு பெரிது.

இதை வைத்துப் பலயா இன்ன நாளில் இன்ன இடத்தில் நிற்கும் என்று கணக்குப் போட முடியாது. அது நெடுந்தூரம் ஓடும் மீன். இன்னொன்று, மாலைதீவார் தூண்டில் கம்பால்தான் பலயா பிடிக்கிறார்கள். அதற்கு உயிருள்ள இரைமீன் வேண்டும். அதுவும் தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகளருகே பிடிபடுவதுதான். இரை கிடைக்காவிட்டால், கடலில் பலயா துள்ளினாலும் தோணி வெறுமையாகத்தான் திரும்பும்.

பழைய வியாபாரம் இது. 14ஆம் நூற்றாண்டில் அங்கே காழியாக இருந்த இப்னு பதூதா, அந்த மீன் இந்தியா, சீனா, யெமன் வரை போனதை எழுதியிருக்கிறார்.

ஆகவே முற்பணம் கொடுப்பவர்கள், “மீன் இல்லை” என்று செய்தி வந்தால் விலையை மட்டும் கேட்காதீர்கள். எந்தத் தீவு, எந்தப் பக்கம், இல்லாதது பலயாவா இரைமீனா என்றும் விசாரியுங்கள். ஒரு பக்கத்துச் செய்தியைக் கேட்டு மாலைதீவு முழுவதும் மீன் இல்லையென்று நினைத்து, கூடிய விலைக்குச் சரக்கு அடைந்து வைப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.